கழுவிய மறுநாளே நாறும் ஹெல்மெட்

ஷாம்பு போட்டுக் கழுவியும் மறுநாளே நாறுகிறது என்றால், உட்பஞ்சு முழுதாகக் காயவில்லை. ஷாம்புவை மாற்றுவதால் இது தீராது. கொழும்பின் ஈரக்காற்றில், அதிலும் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழைக் காலத்தில், மேல்துணி காய்ந்ததாகத் தோன்றினாலும் கன்னப் பஞ்சின் நடுவில் ஈரமும் அதோடு வியர்வையும் ஷாம்புவும் தங்கிவிடுகின்றன.

கன்னப் பஞ்சைக் கழற்றி, துவாயில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். துவாய் நனைந்தால் இன்னும் காயவில்லை. நுரை கசிந்தால் மறுபடி அலசவேண்டும். முறுக்கிப் பிழியாமல் ஒற்றியெடுத்து, இரவு முழுவதும் மின்விசிறியின் முன்னால் வையுங்கள். பஞ்சு கழராத மலிவு ஹெல்மெட் என்றால் அதிகம் நனைக்காமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

அவசரத்துக்குச் சூடான ஹெயார் டிரையரைப் பிடிக்க வேண்டாம். கறை போக்கப் பெட்ரோலோ தின்னரோ தொடவே கூடாது. அடிபடும்போது தலையைக் காக்கும் ரெஜிபோம் (தெர்மாகோல்) அடுக்கை அவை கரைத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவும் தெரியாது.