கரை இறங்கும் நாளுக்குப் பொருந்துகிற கூட்டத்தைத் தேடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் தங்கச்சிமடம். ராமேஸ்வரத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்தேன், இப்போது குடிப்பதில்லை. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குத் தொடர்ந்து போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதை எப்படித் தேடுவது? சர்ச் கட்டடத்தில் நடக்கும் என்கிறார்கள், நான் இந்து, போகலாமா? ஊருக்குள் தெரிந்தால் அசிங்கம் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: போகலாம் தம்பி, தாராளமாகப் போகலாம். ஏ.ஏ. எனும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. மாலையில் காலியாகக் கிடைக்கும் என்பதால் சர்ச் ஹாலிலும் பள்ளிக்கூடத்திலும் கூடுகிறார்கள். கடவுள் பேச்சு வரும். எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற எண்ணம். கட்டணம் கிடையாது. டீக்கும் வாடகைக்கும் முடிந்தவர்கள் ஏதாவது போடுவார்கள், அவ்வளவுதான்.

தேடுவதை உங்களுக்கு வைத்தியம் பார்த்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். அங்குள்ள கவுன்சலருக்கு எந்த ஊரில் எந்தக் கூட்டம் உயிரோடு இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். ஏ.ஏ.யின் இந்திய அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்திலும் விசாரிக்கலாம். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே கூட்டம் நடக்கிறது என்று நம்பி பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் போன் போட்டு, என்ன கிழமை, எத்தனை மணி, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம். மூடியது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். முதல் தடவை திறந்த கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். அவர்கள் பயம் பாதி அங்கேயே போய்விடும்.

கிழமையைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரைக்கு வருகிறது. அப்படியென்றால் திங்கட்கிழமைக் கூட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. செவ்வாய், வியாழன், ஞாயிறு தேடுங்கள். அந்த நாட்களில்தான் ஆபத்தும். இறாலை எடை போட்டு, டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு கைக்கு வருகிறது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, உடம்பு வலி. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கிறது. கூட்டமோ சாயங்காலம். நடுவில் இருக்கிற அந்த அஞ்சாறு மணி நேரத்துக்கு என்ன வழி என்பதை இப்போதே முடிவு பண்ணுங்கள். பங்குப் பணத்தை மனைவி கையில் கொடுக்கவோ அவர் கணக்கில் போடவோ உரிமையாளரிடம் சொல்லிவையுங்கள். கரை இறங்கியதும் முதல் போன், கூட்டத்தில் பழகிய ஒருவருக்கு. ஏ.ஏ.யில் ஸ்பான்சர் என்று ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது, சின்ன ஊர். பெயர் வெளியே போகக் கூடாது என்பது ஏ.ஏ.யின் அடிப்படை விதி. அங்கே உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போலவே வந்தவர். அப்படியும் கூச்சமாக இருந்தால், பக்கத்து ஊர்க் கூட்டத்தில் தொடங்குங்கள். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஒரே நாளில் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாமல், நாலைந்து தடவை உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வந்தவரிடம் போன் நம்பர் கொடுத்து, மறுநாள் விசாரிக்கிற கூட்டம் நல்ல கூட்டம். "டாக்டர் மாத்திரையை நிறுத்து" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருந்தை டாக்டர்தான் நிறுத்த வேண்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மறுபடி குடி தொடர்ந்துவிட்டால், "கடலுக்குப் போனால் தானாக நின்றுவிடும்" என்று படகு ஏறாதீர்கள். நாள்கணக்கில் குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் மூன்றாம் நாள் வாக்கில் ஆள் அடையாளம் தெரியாமல் புலம்பும் நிலையும் வரலாம். நடுக்கடலில் அது உயிருக்கே ஆபத்து. கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது என்றால் அப்போது போக வேண்டிய இடம் கூட்டம் அல்ல, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை, சேர்ந்து உட்கார ஆள் மட்டும் உண்டு. புதியவர்களுக்கு 90 நாளில் 90 கூட்டம் என்று ஏ.ஏ.யில் சொல்வார்கள். 90 நாள் இல்லாவிட்டாலும், தினம் ஒரு கூட்டம் என்று போக உங்களுக்கு வாய்க்கிற காலம் இதுதான். தினமும் பஸ்ஸில் போக முடியாவிட்டால் ஜூம் வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன. தமிழில் எது, எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கூட்டமே கிடைக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் ஏ.ஏ.வைத் தொடங்கியவர்கள் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும், இரண்டே பேர், இருவரும் குடிநோயாளிகள். குடியை விட நினைக்கிற இரண்டு மூன்று பேர் அதற்காகக் கூடினாலே அது ஏ.ஏ. குழு என்பது அவர்கள் மரபு. உங்கள் படகுத்துறையிலேயே அப்படி இன்னொருவர் இருப்பார். முதலில் நாலு கூட்டம் வெளியூரில் பார்த்துவிட்டு, அவரிடம் பேசுங்கள். உங்கள் மனைவிக்கு அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான தனிக் கூட்டம் உண்டு. போன் போடும்போது அதையும் சேர்த்து விசாரித்துவிடுங்கள்.