பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு வரலாறு, உயிரியல், இங்கிலீஷ் மூணும் படிக்கப் படிக்க மறந்துபோகுது, எப்படி ரிவிஷன் பண்ண வைக்கிறது?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான்: பொண்ணு தமிழ் மீடியம், அரையாண்டுல கணக்கும் தமிழும் பரவாயில்ல, சமூக அறிவியல்ல வரலாறு, அறிவியல்ல உயிரியல் பாடங்கள், அப்புறம் இங்கிலீஷ், இந்த மூணுலதான் மார்க் போச்சு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து படிக்கிறா, காலைல கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறா. படிச்சதும் மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா போன வருஷம் எங்க வீட்ல அக்கா பையனுக்கு அச்சு அசலா இதே நிலைமை. நாங்க அம்பாசமுத்திரம் பக்கம். நான் ஸ்கூல் டீச்சர் கிடையாது, ஆனா பதினோரு வருஷமா சாயங்காலம் தெருப் பிள்ளைங்களுக்கு வீட்ல பாடம் சொல்லிக் குடுக்கிறேன், அதுல பாத்ததைத்தான் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, பொண்ணைத் திட்டாதீங்க. அவ படிக்காம இல்ல, வாசிக்கிறா. ஒரு பக்கத்தை நாலு தடவை வாசிச்சா கண்ணுக்கு அந்தப் பக்கம் பழகிரும், எந்த மூலைல எந்தப் படம்னு கூடத் தெரியும், உடனே மனசு இது நமக்குத் தெரியும்னு நம்பிரும். பரீட்சைல அந்தப் பக்கம் முன்னாடி இருக்காதே. 2006ல அமெரிக்கால ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் காலேஜ் பிள்ளைங்களை வச்சு இதைப் பண்ணிப் பாத்தாங்க, ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்ப வாசிச்சுது, இன்னொரு கூட்டம் மூடி வச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ வாசிச்சவங்கதான் கொஞ்சம் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ எழுதினவங்க நல்லாவே முன்னாடி. அதாவது வாசிக்கிற பிள்ளைக்கு ராத்திரி தெம்பா இருக்கும், அடுத்த வாரம் கையை விரிச்சுரும். உங்க வீட்ல நடக்கிறது அதேதான்.

அதனால நான் எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்றது புத்தகத்தை மூடுன்னுதான். ஆனா மூடிட்டு என்ன பண்றதுங்கிறது இந்த மூணு பாடத்துக்கும் வேற வேற. வரலாறை வாயால சொல்லணும், உயிரியலைக் கையால வரையணும், இங்கிலீஷை சொந்தமா வாக்கியமா போடணும். மூணையும் ஒரே மாதிரி உருப்போட்டா மூணும் ஒரே மாதிரிதான் போகும்.

வரலாறு முதல்ல. எங்க அக்கா பையன் "1806 ஜூலை 10 வேலூர் புரட்சி"ன்னு கேட்டவுடனே சொல்லுவான், அதுக்கு மேல ஒரு வரி வராது. ஒரு நாள் ஆச்சி முறுக்கு சுத்திக்கிட்டு இருந்தாங்க, போய் ஆச்சிகிட்ட சொல்லுலன்னு அனுப்பினேன். புதுத் தலைப்பாகையை எதிர்த்து சிப்பாய்கள் புரட்சி செஞ்சாங்கன்னு ஒப்பிச்சான். ஆச்சி நிமிந்து பாத்து, "தொப்பிக்கு எதுக்குல இவ்வளவு சண்டை?"ன்னு கேட்டாங்க. முழிக்கான். நான் புத்தகத்தை எடுத்துக் குடுத்து அந்த ஒரு பத்தியை மட்டும் பாருன்னேன், பாத்துட்டு வந்து, "ஆச்சி, தலைப்பாகைல தோல்ல செஞ்ச குஞ்சம் இருந்துருக்கு, நெத்தில திருநீறு பூசக்கூடாது, காதுல கடுக்கன் போடக்கூடாது, தாடி வைக்கக்கூடாதுன்னும் வெள்ளைக்காரங்க உத்தரவு போட்டுருக்காங்க"ன்னான். "திருநீறு பூசாதன்னா சும்மா இருப்பானா"ன்னு சொல்லிட்டு ஆச்சி அடுத்ததைக் கேட்டாங்க, சரி, அங்க இருந்த மைசூர் ராசா திப்புவோட மக்கமாரு வேலூர் கோட்டைக்கு எப்படி வந்தாகன்னு. அங்கதான் பாடம் திறந்துச்சு.

1799 மே மாசம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு செத்ததுக்கு அப்புறம் அவர் குடும்பத்தை வேலூர் கோட்டைல கொண்டுவந்து வச்சாங்க. மைசூர் சண்டை முடிஞ்ச அதே வருஷம் செப்டம்பர்ல வெள்ளைக்காரத் தளபதி பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வருது, அக்டோபர் 16 கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போடுறாங்க. 1801ல மருது சகோதரர்கள், வெள்ளைக்காரனை எதிர்த்து அவங்க விட்ட திருச்சிராப்பள்ளி பிரகடனம், அக்டோபர்ல திருப்பத்தூர்ல தூக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு வேலூர். அங்க புரட்சில திப்புவோட புலிக்கொடி ஏறினது ஏன்னு இப்போ அவனுக்கே தெரிஞ்சுது, ஆற்காட்டுல இருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து அடக்கினதும், திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினதும் தானா வந்து ஒட்டிக்கிச்சு. தனித்தனியா மூணு தேதியா இருந்தது ஏழு வருஷத்துக் கதையா ஆயிருச்சு. அன்னைக்கு நைட்டு அதைப் புத்தகம் பாக்காம ஒன்றரைப் பக்கம் எழுதினான். அதனால உங்க வீட்ல பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ, பாடம் தெரியாத ஆளா பாத்து உக்கார வைங்க, அவங்க "ஏன்"னு கேப்பாங்க பாருங்க, அந்த ஏன் தான் நெடுவினா.

காலக்கோடு கேள்விக்கு நான் மொட்டை மாடியைத்தான் பயன்படுத்துவேன். கரிக்கட்டியால நீளமா ஒரு கோடு, ஒரு அடிக்கு ஒரு வருஷம், 1914ல ஆரம்பிச்சு 1947 வரைக்கும் 33 அடி. கோட்டுக்கு ஒரு பக்கம் உலகம், இன்னொரு பக்கம் இந்தியா. 1914ல சரயேவோல ஆஸ்திரிய இளவரசர் கொலை, முதல் உலகப் போர், அதே வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியோட எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டேங்க் மேல குண்டு போட்டது (கெட்டிக்காரப் பயலைப் பெரிய எம்டன்னு நம்ம பெரியவங்க சொல்றது இந்தக் கப்பலால வந்ததுதான், இதைச் சொன்னா பிள்ளைங்க 1914ஐ மறக்கவே மாட்டாங்க). 1919க்கு வந்தா ஒரு பக்கம் வெர்சாய் உடன்படிக்கை, இந்தப் பக்கம் ரௌலட் சட்டமும் ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக்கும். 1929ல அந்தப் பக்கம் அமெரிக்கா பங்குச் சந்தை சரிவு, இந்தப் பக்கம் காங்கிரஸோட லாகூர் மாநாடு. 1930ல தண்டி, வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம். 1939ல ரெண்டாம் உலகப் போர், 1942ல வெள்ளையனே வெளியேறு. நடந்துக்கிட்டே சொல்லச் சொல்லணும், தெரியாத இடத்துல நிக்கணும். நாலு நாள் நடந்தா போதும், மழை வந்து கோடு அழிஞ்சாலும் பிள்ளைக்கு அழியாது.

அடுத்து உயிரியல். இதுல எனக்குத் தெரிஞ்சு பெரிய தப்பு, படத்தைக் கடைசில பாத்துக்கலாம்னு விடுறது. படம் தான் பாடம். வெறும் பேப்பர்ல இதயத்தை வரையச் சொல்லுங்க, பாத்து வரையக்கூடாது, கோணலா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு நீலப் பேனா ஒரு சிவப்புப் பேனா. உடம்புல இருந்து வர்ற ரத்தம் நீலத்துல பெருஞ்சிரை வழியா வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல். அங்க பேனாவை மாத்தணும். சிவப்புல நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. எங்க பையன் நுரையீரல் தமனியை சிவப்புல போட்டான், ஏன்னா "தமனின்னா நல்ல ரத்தம்"னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான். பாதிப் பிள்ளைங்க இங்கதான் விழும். தமனின்னா இதயத்தை விட்டு வெளிய போறது, சிரைன்னா இதயத்துக்கு உள்ள வர்றது, அவ்வளவுதான், ரத்தம் நல்லதா கெட்டதாங்கிறது அந்தப் பேர்ல இல்ல. அந்த ஒரு தப்பை அவனே பேனா பிடிச்சு செஞ்சு அவனே திருத்தினதால அதுக்கப்புறம் தப்பவே இல்ல.

இடது வெண்ட்ரிக்கிள் சுவர் ஏன் தடிமன்னு கேட்டேன், தெரியல சித்தின்னான். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்துல இருக்க நுரையீரலுக்கு அனுப்புது, இடது வெண்ட்ரிக்கிள் உச்சந்தலைல இருந்து பெருவிரல் வரைக்கும் தள்ளணும், எதுக்கு பலம் வேணும்னு கேட்டா அவனே சொல்லிருவான். அப்புறம் மணிக்கட்டுல விரலை வச்சு நாடியை ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லுங்க. 75 வந்துச்சுன்னா 60ஐ 75ஆல வகுத்தா ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி, இதயச் சுழற்சிக்குப் பாடத்துல இருக்கிற எண் அதேதான். அதைக் கட்டம் கட்டி மனப்பாடம் பண்ற பிள்ளை ஒரு தடவை தன் கையைப் பிடிச்சு கண்டுபிடிச்சுட்டா விடவே மாட்டா.

மெண்டலோட பட்டாணிச் செடி மரபியல் பாடத்துக்கு புளியங்கொட்டை. தாயம் விளையாட ஒரு பக்கம் தேய்ச்சு வச்சிருப்போமே அதுல ரெண்டு எடுங்க, ஒண்ணு அம்மா குடுக்கிறது ஒண்ணு அப்பா குடுக்கிறது, கறுப்பு நெட்டை, வெள்ளை குட்டை, ஒரு கறுப்பு விழுந்தாலும் செடி நெட்டைதான், ஏன்னா அது ஓங்குதன்மை. ரெண்டும் வெள்ளையா விழுந்தா மட்டும் குட்டை. நாப்பது தடவை போட்டோம், 29 நெட்டை 11 குட்டை வந்துச்சு, 3:1 எங்க இருந்து வருதுன்னு அவன் கண்ணால பாத்தான். கொட்டை ஒரே பக்கமா விழுதுன்னா ரெண்டு ஒரு ரூபா காசு வச்சுக்கோங்க. ஒண்ணு ஞாபகம் வைங்க, பத்தாவது அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மார்க்குதான், மீதி 25 செய்முறை, அந்த 25ஐ யாரும் லேசா விடக்கூடாது.

இப்போ இங்கிலீஷ். தமிழ் மீடியம் பிள்ளைங்க பாராகிராஃபைக் கைடு பாத்து அப்படியே உருப்போடுறாங்க, நடுவுல ஒரு வார்த்தை மறந்தா வண்டி அங்கயே நின்னுரும், அடுத்த வரிக்குப் போக வழியில்ல. நான் பாராகிராஃபுக்கு அஞ்சு வார்த்தை மட்டும் குறிச்சுக்கச் சொல்வேன், அந்த அஞ்சை வச்சு சின்னச் சின்ன வாக்கியமா சொந்தமா எழுதணும், அழகா இல்லாட்டியும் பரவாயில்ல, அது அவளோட வாக்கியம், மறக்காது.

கிராமருக்கு அன்னைக்குப் படிச்ச வரலாறையும் உயிரியலையுமே எடுங்க, தனியா புத்தகம் வேண்டாம். "காந்தி ப்ரோக் த சால்ட் லா", இதைப் பாசிவ்ல மாத்து, "த சால்ட் லா வாஸ் ப்ரோக்கன் பை காந்தி". "த ஹார்ட் பம்ப்ஸ் ப்ளட்", மாத்து, "ப்ளட் இஸ் பம்ப்ட் பை த ஹார்ட்". விஷயம் ஏற்கெனவே தெரிஞ்சதுங்கறதால பிள்ளைக்கு மொழி மேல மட்டும் கவனம் இருக்கும், கூடவே வரலாறும் உயிரியலும் இன்னொரு தடவை மனசுல ஓடிரும். "ஹி கோ"ன்னு எழுதினா திட்டாதீங்க, காரணம் சொல்லுங்க. தமிழ்ல நான் போறேன், நீ போற, அவன் போறான், அவ போறா, அவங்க போறாங்கன்னு ஆளுக்கு ஆள் வினை மாறுது, நம்ம பிள்ளைங்க அதைத் தப்பே இல்லாம பேசுறாங்க. இங்கிலீஷ்ல இந்த மாதிரி நிகழ்கால வாக்கியத்துல ஹி, ஷி, இட் வர்ற ஒரே இடத்துலதான் அந்த ஸ் ஒட்டுது, ஐ கோ, யூ கோ, தே கோ, ஹி கோஸ். அஞ்சு மாத்தத் தெரிஞ்ச உனக்கு ஒண்ணு மாத்தத் தெரியாதான்னு கேட்டா பிள்ளை முகத்துல ஒரு தைரியம் வரும் பாருங்க, எனக்கு அதைப் பாக்கத்தான் ரொம்ப ஆசை.

திருப்பிப் பாக்கிறதுக்கு நாங்க நாள் காலண்டர் கிழிக்கிற தாளைத்தான் வச்சுக்கிட்டோம், பின்பக்கம் சும்மாதானே இருக்கு. ஒரு தாள்ல ஒரு கேள்வி, பதில் எழுதக்கூடாது. ரெண்டு பிஸ்கட் டப்பா. சரியா சொன்ன தாள் ரெண்டாவது டப்பாவுக்குப் போகும், அதை வாரம் ஒரு தடவைதான் எடுக்கணும், தப்பா சொன்னது முதல் டப்பாலயே கிடக்கும், தினமும் வரும். மூணு பாடத்துத் தாளையும் கலந்து போடுங்க, ஒரு தாள் மருது சகோதரர்கள், அடுத்தது சிறுநீரகத்து நெஃப்ரான், அடுத்தது ரிப்போர்ட்டட் ஸ்பீச்னு வந்தா முதல்ல பிள்ளைக்கு எரிச்சலாத்தான் இருக்கும், கேள்வித்தாள்லயும் யூனிட் யூனிட்டா வரிசையா கேக்கப் போறதில்ல, அதனால பழகட்டும். ஜனவரில முதல் டப்பா மூடியே மூட முடியாம வழிஞ்சுது, மார்ச்ல அடில கொஞ்சம்தான் கிடந்துச்சு.

பதினோரு மணி வரை முழிக்கிறதை மட்டும் நிறுத்துங்க, படிச்சது மனசுல நல்லா தங்கறதுக்குத் தூக்கம் வேணும். ஒன்பதரைக்கு புத்தகத்தை மூடட்டும், படுக்கப் போறதுக்கு முன்னாடி இன்னைக்கு என்ன படிச்சன்னு பத்து நிமிஷம் நீங்க கேளுங்க, உங்களுக்குப் பாடம் தெரியணும்னு அவசியமே இல்ல. இன்னைக்கு நைட்டே வேலூர்ல இருந்து ஆரம்பிக்கலாம், தொப்பிக்கு எதுக்கு சண்டைன்னு கேட்டுப் பாருங்க.