அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். வீட்டில் உதவி தேவைப்படும் கட்டம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அம்மாவுக்கு 72 வயது, தினமும் போனில் பேசுகிறேன், குரலில் ஒரு குறையும் தெரியவில்லை, ஆனாலும் மனசு உறுத்துகிறது, ஆள் வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், போனில் கேட்பதை வைத்து முடிவு செய்வதை விடுங்கள். நானும் இரண்டு வருடம் தினமும் இரவு எட்டு மணிக்கு அப்பாவுக்கு போன் போட்டு "சாப்டாச்சாப்பா" என்று கேட்டேன், "ஆச்சும்மா" என்றார், அதோடு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

அப்பாவுக்கு அப்போது 76. அம்மா போன பிறகு மயிலாடுதுறை வீட்டில் தனியாக இருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வருகிறது, சுமாராகச் சமைப்பார், வரவு செலவு நோட்டு எழுதாமல் படுக்க மாட்டார். நான் தாம்பரத்தில் இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ராத்திரி ரயிலில் திரும்பிவிடுவேன். அந்த ஒரு பகலுக்காக அவர் முந்தின நாளே தயாராகிவிடுவார் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. ஷேவிங் முடிந்திருக்கும், சலவை வேட்டி, ஹோட்டலில் இருந்து வாங்கி வைத்த டிபன். விருந்தாளி வந்தால் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம் இல்லையா, பகலில் மட்டும் வந்துபோகும் பிள்ளைகளும் அப்படி ஒரு விருந்தாளிதான்.

ஒரு பொங்கலுக்கு நான்கு ராத்திரி தங்கினேன். அப்போதுதான் வீட்டைப் பார்த்தேன். அவர் கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கறை ஓடியது. பாத்ரூம் நிலையருகே அது அடர்த்தியாகி, அந்த இடத்தில் பெயின்ட்டே வழவழவென்று ஆகியிருந்தது. ராத்திரி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த கையின் தடம் அது. எத்தனை மாதம் நடந்திருந்தால் அப்படிக் கறை ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பால் பணம் மூன்றாம் தேதி ஒரு முறை, ஒன்பதாம் தேதி மறுபடியும் ஒரு முறை. நடுவில் ஐந்து நாள் ஒன்றுமே எழுதவில்லை. (பால்காரர் நல்ல மனுஷன், அடுத்த மாதம் கழித்துக்கொண்டார்.) எனக்கு வயிற்றைக் கலக்கியது, மறதி நோய்தான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து போனால் அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், பனியன் வியர்வையில் நனைந்து ஒட்டியிருக்கிறது, மார்கழிக் குளிர் இன்னும் போகாத தை மாதம் அது, என்னைப் பார்த்து அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் இருந்த மெஷினில் சர்க்கரை பார்த்தால் 58. தண்ணீரில் சர்க்கரை கலக்கிக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார்.

டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி "ராத்திரி என்ன சாப்பிடுறீங்க". அப்பா தலை குனிந்துகொண்டே "ரெண்டு வாழப்பழம், சில நாள் பிஸ்கெட்" என்றார். முட்டி வலி, அடுப்படியில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை, அதனால் ராத்திரிச் சமையலை விட்டுவிட்டார். ஆனால் ராத்திரி சுகர் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டார். சில வகை மாத்திரைகள் சரியாகச் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், வயதானவர்களுக்கு அது குழப்பமாகவும் தடுமாற்றமாகவும்தான் வெளியே தெரியும். ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமினும் குறைவு. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவது உண்டு என்றார், மறதிக்கும் கால் தள்ளாட்டத்துக்கும் அதுவும் ஒரு காரணமாகலாம். மாத்திரையை மாற்றி, ஊசி போட்டு, இரண்டு மாதத்தில் கணக்கு நோட்டு நேரானது.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், உதவி தேவை என்பது ஒட்டுமொத்தமாக வந்து நிற்காது. எங்கோ ஒரு வேலை கையை விட்டுப் போகும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் சரியும். அதனால் அம்மா என்ன செய்கிறார் என்பதைவிட, என்னென்ன செய்வதை நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். 1969-ல் லாட்டன், பிராடி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எட்டு வேலைகளைப் பட்டியல் போட்டார்கள்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்வருவது, மருந்து, பணம். பெரும்பாலும் முதலில் கையை விட்டுப் போவது இவைதான். குளியல், உடுத்துவது, கழிப்பறை எல்லாம் பிறகுதான் வரும். நாமோ குளித்துச் சாப்பிட்டு நடமாடுகிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

எனவே ஒரு வாரக் கடைசியைச் சாக்காக வைத்து இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். சமையலறையில் அடிப்பிடித்துக் கருகின பாத்திரம் இருக்கிறதா, ஃப்ரிட்ஜில் பிரிக்காத பால் பாக்கெட் நாலைந்து சேர்ந்திருக்கிறதா, மாத்திரை அட்டையில் தேதிக்கு எத்தனை மிச்சம் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். அட்டையை எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எப்போதும் புடவைதான் கட்டுவார் என்றால் இப்போது முழு நாளும் நைட்டியில் இருக்கிறாரா? வெயிலுக்காகவும் இருக்கலாம், குனிந்து கொசுவம் வைக்க முடியாமலும் இருக்கலாம், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வளையல் முழங்கைப் பக்கம் ஏறுகிறதா, ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறதா என்று பாருங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதம், ஒரு வருடத்தில் காரணமே இல்லாமல் 3 கிலோ இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை ஏன் நிறுத்தினார்? முட்டியாக இருக்கலாம், காது கேட்காததாக இருக்கலாம், வெளியே போனால் ஒன்றுக்கு அடக்க முடியாது என்ற கூச்சமாகவும் இருக்கலாம். கடைசிக் காரணத்தைப் பிள்ளைகளிடம் லேசில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, நாற்காலியில் இருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓரிரண்டு நாளில் திடீரென்று குழம்பினால், பேச்சு மாறினால், சம்பந்தமில்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், வயசாயிடுச்சு என்று விடவே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீர்த் தொற்று, உடம்பில் உப்பு குறைவது, பக்கவாதம், சில வாரம் முன்னால் தலையில் பட்ட அடியால் உள்ளே கசிந்த ரத்தம், எதுவாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஆள் வைக்கவில்லை. தெருமுனையில் சமைத்துக் கொடுக்கிற அக்காவிடம் ராத்திரிக்கு மூன்று இட்லியோ சப்பாத்தியோ சொன்னோம். பாத்ரூமில் இரண்டு கைப்பிடி, வழியில் ராத்திரி முழுக்க எரிகிற ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். அதற்கே அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னால முடியலன்னு ஊருக்குச் சொல்றியா" என்று கோபித்துக்கொண்டார். பணம் அவர் பென்ஷனில் இருந்து அவர் கையாலேயே கொடுக்கட்டும் என்று விட்ட பிறகுதான் சமாதானமானார். இப்போது நோட்டில் "இரவு ஆகாரம் 1,800" என்று மாதாமாதம் எழுதுகிறார். உங்கள் அம்மாவிடமும் முடிவு செய்துவிட்டுப் போய்ச் சொல்லாதீர்கள், எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது என்று அவரையே சொல்லவிடுங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் இருந்து இருக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 14567 முதியோருக்கான இலவச உதவி எண், அதை அவர் போனிலும் போட்டு வையுங்கள்.

முழுநேர ஆள் எப்போது என்றால், கட்டிலில் இருந்து தனியாக எழ முடியாதபோது, குளிக்கவும் கழிப்பறைக்கும் கை கொடுக்க வேண்டியிருக்கும்போது, கேஸை மூடாமல் விட்டது ஒரு தடவைக்கு மேல் நடந்தபோது, தெரிந்த தெருவில் வழி தெரியாமல் நின்றபோது. இதில் ஒன்று நடந்திருந்தாலும், ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்களோ உங்கள் அண்ணன் தம்பியோ லீவு போட்டுக்கொண்டு கூட இருங்கள், அந்த ராத்திரியை அவர் தனியாகக் கழிக்க வேண்டாம்.