இலங்கைப் படைகளுக்குப் பொருள் வழங்க விலைமனு (டெண்டர்) போடுவோர் கேட்டவை

கேள்வி (புறக்கோட்டை, துணி வியாபாரம்): அண்ணா, முந்தி லங்கா லொஜிஸ்டிக்ஸ் கம்பனிதானே படைகளுக்கு வாங்கினது. இப்ப எங்க பார்க்கிறது?

பதில்: போர்க்காலத்தில் முப்படைகளின் பெரிய கொள்வனவுகளைக் கையாண்ட அந்த அரச கம்பனியை 2015 ஆட்சி மாற்றத்தின் பின் மூடினார்கள். இப்போது பாதுகாப்பு அமைச்சின் பெறுகைக் (கொள்வனவுக்) குழுக்களும் அந்தந்தப் படைத் தலைமையகமும் விலைமனுக் கோருகின்றன. நாளிதழ் விளம்பரங்களோடு அமைச்சு, தரைப்படை, கடற்படை, விமானப்படை இணையத்தளங்களையும் பாருங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): எங்கள் விலைதான் ஆகக் குறைவு. ஆனாலும் பிணை (விலைமனுவிலிருந்து பின்வாங்கமாட்டோம் என்பதற்கு வைக்கும் பண உறுதி) சரியில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். வங்கி உத்தரவாதம் வைத்திருந்தோமே? இடையில் முடிவுத் திகதியை இரண்டு வாரம் தள்ளியும் போட்டார்கள்.

பதில்: அந்த இரண்டு வாரம்தான் காரணமாக இருக்கும். விலைமனு செல்லுபடியாகும் காலம் முடிந்து இன்னும் 28 நாட்களுக்குப் பிணை உயிரோடு இருக்க வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. மார்ச் 10 முடிவுத் திகதி, செல்லுபடிக் காலம் 91 நாட்கள் என்று வையுங்கள். அது ஜூன் 9 வரை போகும், பிணை ஜூலை 7 வரை வேண்டும். முடிவுத் திகதி மார்ச் 24 ஆனால் பிணையும் ஜூலை 21 ஆக வேண்டும். பழைய உத்தரவாதத்தையே உறையில் போட்டால் 14 நாள் குறையும். ஒரு நாள் குறைந்தாலும் விலைமனுக்களை மதிப்பிடும் குழு உங்கள் விலையைத் திரும்பிப் பார்க்காது. திகதி தள்ளிப்போகும் அறிவித்தல் வந்த அன்றே வங்கியில் திருத்தம் எடுங்கள். உத்தரவாதத்தின் வாசகமும் ஆவணத்திலுள்ள மாதிரிப் படிவத்தை ஒத்திருக்க வேண்டும். வங்கி தன் வழக்கப்படி எழுதித் தருவதை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): 1,200 சோடி சப்பாத்து, சோடி 4,850 ரூபா. மொத்தத்தை 52,80,000 என்று எழுதிவிட்டேன். எது செல்லும்?

பதில்: அலகு விலைதான் செல்லும். மொத்தத்தை 58,20,000 எனத் திருத்துவார்கள். திருத்தத்தை ஏற்க மறுத்தால் விலைமனுவோடு பிணையும் போகலாம். இன்னொன்று: 50 இலட்சத்தைத் தாண்டும் அரச ஒப்பந்தத்துக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு கட்டாயம். கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் அதைச் செய்யலாம். சான்றிதழை விலைமனுவோடே வையுங்கள், பிறகு தருகிறேன் என்பது எடுபடாது.

கேள்வி: விலைக் கழிவைத் தனிக் கடிதத்தில் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், விலைமனுப் படிவத்திலேயே எழுதுங்கள். திறக்கும்போது வாசிக்கப்படாத கழிவைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆகவே திறக்கும் இடத்துக்கு ஆளனுப்பி, வாசிக்கிறார்களா என்று கவனியுங்கள்.

கேள்வி (புறக்கோட்டை): மாதிரி தேறிய சீருடைத் துணி, ஒப்படைக்கும்போது ஏன் திரும்பி வருகிறது?

பதில்: பெரும்பாலும் நிறம். மாதிரி ஒரு சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயமிட்ட துணி), சரக்கு மூன்று தொகுதி என்றால் சுருளுக்குச் சுருள் சாயல் மாறும். முழு அளவையும் ஒரே தொகுதியில் கேளுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் துண்டு வெட்டி மாதிரியோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். சதுர மீற்றர் எடை, கழுவியபின் சுருக்கம், சாயம் போகிறதா என்பவற்றை ஏற்றுமுன் ஆய்வுகூடத்தில் பார்த்துவிடுங்கள். நீங்கள் கொடுத்த மாதிரியின் மறுபாதி உங்கள் கையிலும் இருக்கட்டும்.