மேல்தளத்து விரிசல் முதல் மேஸ்திரி முன்பணம் வரை: வேலூர்ப் பக்கத்து வீட்டுக் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்தார்கள். வெயிலையும் உப்புத் தண்ணீரையும் பிரிக்க முடியவில்லை. வந்திருக்கும் கேள்விகளில் பல இந்த இரண்டையும் சுற்றித்தான் இருக்கின்றன. நேராகப் பதிலுக்குப் போகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து: சார், வீடு கட்டி ஆறு வருஷம் ஆகிறது. மாடி அறையில் சுவரும் தளமும் சேரும் இடத்தில் நூல் பிடித்த மாதிரி படுக்கையாக விரிசல். இரண்டு தடவை பட்டி பார்த்தாச்சு. கோடை வந்தால் மறுபடியும் திறந்துகொள்கிறது. தளம் இறங்குகிறதா?

இறங்கவில்லை சார், நீளுகிறது. ஒரு மீட்டர் கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். உங்கள் தளம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத மத்தியானத்தில் அதன் சூடு 30 டிகிரி கூடினால் 3 மில்லிமீட்டர் நீண்டுவிடும். கீழே நிழலில் இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது. இரண்டும் இழுபறி போடும் இடத்தில்தான் கோடு விழுகிறது. ராத்திரி குளிர்ந்ததும் தளம் சுருங்கும், காலையில் மறுபடி நீளும். இதற்கு நடுவே சிமெண்ட் பட்டியோ ஒயிட் சிமெண்டோ வைத்தால் அது இறுகிப்போய் உடையத்தானே செய்யும்.

முதலில் மாடியைக் குளிர வையுங்கள். அதன் பிறகு விரிசலை 'வி' வடிவில் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி தட்டி, ரப்பர் மாதிரி இழுபடும் அக்ரிலிக் சீலன்ட் அடைத்துப் பெயிண்ட் அடியுங்கள். வரிசையை மாற்றினால் மூன்றாம் தடவையும் அதே செலவுதான். புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தளம் போடும் முன் சுவரின் தலையில் வழவழப்பாக ஒரு பூச்சு பூசி, அதன்மேல் தார்க் காகிதம் விரிக்கச் சொல்லுங்கள். தளம் சுவரை இழுக்காமல் வழுக்கிக்கொள்ளும். பழைய மேஸ்திரிகள் கேட்காமலே செய்வார்கள்.

பயப்பட வேண்டிய விரிசல் வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும், ஒரு முனையில் மெல்லிசாக, இன்னொரு முனையில் அகலமாக இருக்கும், செங்கல்லையே அறுத்துக்கொண்டு போகும். அப்படி ஒன்று இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதி விடுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, கடைக்கால் அசைந்திருக்கலாம் என்று அர்த்தம். அப்போது பெயிண்டரை விட்டுவிட்டு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

அதே பேட்டையிலிருந்து இன்னொருவர்: மாடியைக் குளிர வைக்க கூலிங் டைல்ஸ் நல்லதா, பெயிண்ட் நல்லதா?

கையில் காசு கம்மியாக இருந்தால் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றித் தாளித்து (நீற வைத்து), கொஞ்சம் பசை கலந்து, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் இரண்டு கோட் அடியுங்கள். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். ஆனால் வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்புவதில் விலை உயர்ந்த பெயிண்டுக்கு அதிகம் சளைத்ததில்லை. டைல்ஸ் போடுவதென்றால் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தண்ணீர் தேங்கும் மாடியில் டைல்ஸ் ஒட்டினால், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாமல் மூடிவிட்டீர்கள் என்று பொருள். என் ஓட்டு இன்னமும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு இடித்து, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்கும் பழைய முறைக்குத்தான். அதை ஒழுங்காக இடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம்.

ஆம்பூரிலிருந்து: அண்ணா, போர் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. மேஸ்திரி "சிமெண்டுக்கு எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்" என்கிறார். சரியா?

தப்பு தம்பி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456இன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் உப்பில் உள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, சல்ஃபேட் 400க்கு மேல் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு 2000 வரை விடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? குளோரைடு வேலை காட்டுவது கம்பியிடம். துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பத்துப் பதினைந்து வருஷத்தில் சீலிங்கிலிருந்து சில்லு சில்லாக விழுந்து கம்பி பல்லைக் காட்டும் வீடுகளைப் பாலாற்றங்கரை நெடுகப் பார்க்கலாம். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். செலவு என்று மலைக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி, 5 அங்குலத் தளம் என்றால் ஏறத்தாழ 12 கன மீட்டர் கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் 95 மூட்டை சிமெண்ட் வரும். மூட்டைக்கு 25 லிட்டர் வீதம், கலக்க 2400 லிட்டர் நல்ல தண்ணீர் போதும். ஒரு டேங்கர் லாரியே மிச்சம். தளத்துக்கும் தூணுக்கும் பீமுக்கும் கலக்கவும், போட்ட பிறகு நனைத்து ஆற்றவும் நல்ல தண்ணீர். கடைக்காலில் மண் நனைத்து இடிக்க போர் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், "கலவை ஓட மாட்டேங்குது" என்று ஆள் இன்னொரு குடம் ஊற்ற வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கூடுதல் தண்ணீரும் உப்பு மாதிரியே கெடுதல்தான்.

குடியாத்தத்திலிருந்து: ஐயா, தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குக் கட்டை, மேலே குத்துச் செங்கல். மழைக்கு ஒழுகுகிறது. மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் தளம் போட்டு மூடிவிடலாம் என்கிறார்கள்.

தயவுசெய்து வேண்டாம். இரண்டு அங்குலச் சிமெண்ட் தளம் சதுர மீட்டருக்கு 110 கிலோவுக்கு மேல் எடை. உங்கள் மாடி 1000 சதுர அடி என்றால் பத்து டன்னுக்கு மேல் புது பாரம், அதுவும் வயசான கட்டைகளின் தலையில். இதைவிடப் பெரிய தொல்லை, சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் விடாது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழ்நோக்கிப் போய்க் கட்டையில் உட்காரும்.

முதல் வேலை கட்டைகளின் முனை. சுவருக்குள் போகும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும் கட்டை முனையில் பஞ்சாக இருக்கலாம். குத்தினால் உள்ளே போகிறது என்றால் ஒழுகலை மறந்துவிடுங்கள். அந்த அறையைக் காலி செய்து, முட்டுக் கொடுத்து, கட்டையை மாற்றுங்கள். 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து தூக்கத்திலேயே குழந்தைகள் உட்படப் பலர் போய்ச் சேர்ந்தார்கள். மழைக்காலத்தில் பழைய வீட்டை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

முனை நன்றாக இருந்தால் வேலை சுலபம். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும். ஒடித்துப் போட்டால் இரண்டு மடங்காக வரும், வேர்வரை தோண்டி எடுங்கள். அடுத்து, ஆடும் தட்டோடுகளை மட்டும் பெயர்த்து, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் அரைத்த கலவையில் திரும்பப் பதித்து இடுக்கு அடையுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயையும் பாருங்கள். பாதி ஒழுகல் அங்கேதான்.

ஆற்காட்டிலிருந்து: கீழ்வீட்டுச் சுவரில் மூன்று அடி உயரத்துக்கு ஓதம். டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தோம், ஒரு வருஷத்தில் உப்பு பூத்து உதிர்ந்துவிட்டது.

தெருவைப் பாருங்கள் அம்மா. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வாசல் படி இரண்டு காணாமல் போயிருக்கிறதா? அப்படியானால் தரை ஈரம் சுவரில் ஏறாமல் இருக்கப் போட்ட ஓதத் தடுப்பு அடுக்கு இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. (சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவே போட்டது. உங்கள் தெருவில் மீண்டும் வேலை தொடங்கினால் அதைச் சொல்லிச் சண்டை போடுங்கள்.) சுவரை ஒட்டி வெளியே குவிந்த மண்ணை வெட்டி எடுத்து, வெளிப்பக்கம் சாயும் வாட்டத்தில் ஓர் இரண்டடித் தளம் போடுங்கள். உள்ளே ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்க அப்படியே காய விடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். காய்ந்த பிறகு பூசினால் நிற்கும், ஈரத்தின் மேல் பூசினால் எந்தக் கம்பெனி பெயிண்டும் நிற்காது. சுவரின் மறுபக்கம் பாத்ரூம் இருந்தால் குழாயையும் சோதித்துவிடுங்கள்.

ஆரணியிலிருந்து: எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்று கிரஷர் பவுடரை (கல் உடைக்கும்போது விழும் தூள்) தள்ளிவிடுகிறார்களாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே சேறு மாதிரி படியும் அடுக்கு தடிமனாக இருந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். கையில் தேய்த்தால் முகப்பவுடர் போல ஒட்டுவதும் வேண்டாம். பூச்சுக்கு இன்னும் நைசான பி-சாண்ட் தனியாகக் கேளுங்கள்.

காட்பாடியிலிருந்து: தளம் போட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. ஷட்டர் (தளத்தைத் தாங்கும் பலகை, முட்டு) வாடகை ஏறுது, பிரிக்கலாமா என்கிறார் கான்ட்ராக்டர்.

கூடாது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இது சாதா சிமெண்டுக்கான கணக்கு. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் இன்னும் சில நாள் கூட்டுங்கள். தண்ணீர் கட்டுவதும் அப்படித்தான். நம்ம வெயிலில் பிபிசி தளத்துக்கு 14 நாள் பாத்தி கட்டி நிறுத்த வேண்டும். காலையில் ஒரு தடவை ஹோஸ் பைப்பில் நனைத்துவிட்டுப் போவது கணக்கில் வராது.

பாகாயத்திலிருந்து: மலையடிவார மனை. ஒரு பக்கம் இரண்டடியிலேயே பாறை, மறுபக்கம் கொட்டிய மண். பாறை பக்கம் அப்படியே கட்டலாமா?

முழு வீடும் பாறையில் நின்றால் அதிர்ஷ்டசாலி. பாதி பாறையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால் மண் பக்கம் மட்டும் அமுங்கி, நடுவில் பிளக்கும். மண் பக்கம் பாறையோ இறுகிய நிலமோ வரும்வரை கீழே இறங்குங்கள், எவ்வளவு ஆழம் ஆனாலும் சரி.

வாலாஜாவிலிருந்து: வாஸ்துப்படி சமையலறை வாசலை மாற்ற வேண்டும். குறுக்கே ஒரு பீம் தொங்குகிறது, கொஞ்சம் கொத்திக்கொள்ளலாமா?

வாசலை மாற்றுங்கள், அடுப்பை மாற்றுங்கள், காலண்டரை மாற்றுங்கள். பீமைத் தொடாதீர்கள்.

வாணியம்பாடியிலிருந்து: லேபர் கான்ட்ராக்ட் (பொருள் நம்முடையது, கூலி மட்டும்) பேசியிருக்கிறோம். மேஸ்திரி பாதிப் பணம் முன்னாடியே கேட்கிறார் அண்ணா.

ஆள் கூட்டிவர ஒரு சின்ன அட்வான்ஸ் கொடுங்கள், அதுபோதும். மீதியைக் கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் முடிய முடியக் கொடுங்கள். சதுர அடி ரேட் பேசும்போது சம்ப், செப்டிக் டேங்க், மாடிப்படி, சன்ஷேட், கைப்பிடிச் சுவர், லாஃப்ட் இதெல்லாம் ரேட்டுக்குள் வருகிறதா, தனியா என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஆறில் ஒன்றில்தான் ஆரம்பித்தன. கடைசிக் கட்டப் பணத்தை மட்டும் ஒரு மழை பெய்யும்வரை கையில் வைத்திருங்கள். ஒழுகினால் கூப்பிட்டதும் வருவார்.