ஆறு மாதச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டலாமா? இயன் மருத்துவ உதவியாளராக விரும்பும் வாசகிக்கு ஒரு பதில்

வாசகியின் கேள்வி: மாங்குளத்துக்கு அருகில் வசிக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் முதல் தடவை தோற்றி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி போதவில்லை. 2009 இல் செல் வீச்சில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, மார்புக்குக் கீழே உணர்விழந்த என் தாய்மாமனை நானும் அம்மாவும் பராமரிக்கிறோம். ஆறு மாத ‘இயன் மருத்துவ (பிசியோதெரபி) உதவியாளர்’ பயிற்சி முடித்தால் கனடாவில் வேலை கிடைக்கும் என்று ஒரு தனியார் நிலையத்தினர் சொல்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் சித்தியோ அது அங்கே இரண்டு ஆண்டுப் படிப்பு என்கிறார். பணம் கட்டலாமா? இன்னொன்று: மாமாவுக்கு இடையிடையே திடீரென்று தலையிடி வந்து முகம் வியர்க்கிறது. அப்போது கைகால்களை உருவி விடலாமா?

பதில்: இரண்டாவது கேள்வி அவசரமானது, அதற்கே முதலில் வருகிறேன். தயவு செய்து உருவி விட வேண்டாம். ஆறாவது நெஞ்சறை முள்ளென்பு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உணர்வற்ற பகுதியில் ஏற்படும் ஒரு தொந்தரவு, அவர்களுக்குத் தெரியாமலே இரத்த அழுத்தத்தைச் சடுதியாக ஏற்றிவிடும். தலையிடியும் முகவியர்வையும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். பெரும்பாலும் காரணம் நிரம்பிய சலப்பையாகவோ (சிறுநீர்ப்பை), மடங்கிய, அடைபட்ட கதீற்றராகவோ (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) இருக்கும். மலச்சிக்கல், அழுத்தப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் ஆகியவையும் காரணமாகலாம். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இடுப்புப் பட்டியையும் இறுக்கமான உடுப்பையும் தளர்த்தி, கதீற்றர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தணிந்தாலும், இது திரும்பத் திரும்ப வருவதால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இத்தகையவர்களின் வழமையான இரத்த அழுத்தம் மற்றவர்களை விடக் குறைவாகவே இருக்கும். ஆகவே நமக்குச் சாதாரணமாகத் தெரியும் 130, 140 என்ற அளவும் அவருக்கு ஆபத்தான உயர்வாக இருக்கலாம். அவர் நலமாக இருக்கும் நாளில் அழுத்தத்தை அளந்து கொப்பியில் எழுதி வைத்து, போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

இதை விரிவாக எழுதியதற்கு மாமாவின் நிலை மட்டும் காரணமன்று. நீங்கள் விரும்பும் தொழிலின் நடுவே இருப்பதும் இதுதான். இயன் மருத்துவ உதவியாளரின் வேலை உடம்பு பிடித்து விடுவது என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இயன் மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து வகுத்த திட்டத்தின்படி, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, நடை பழக்குவது, மூட்டுகள் இறுகாமல் அசைத்துக் கொடுப்பது, நோயாளியின் முன்னேற்றத்தை எழுதி வைப்பது ஆகியவற்றைச் செய்துகொண்டே, இன்று இந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும், இதை உடனே மேலே அறிவிக்க வேண்டும் என்று கண்டுகொள்பவரே நல்ல உதவியாளர். முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவருக்கு வலி குறையட்டும் என்று முழங்காலின் கீழ் தலையணை வைத்தால், மூட்டு மடங்கியபடியே இறுகிப் பின்னர் செயற்கைக் கால் பொருத்துவது கடினமாகிவிடும். பாரிசவாதம் வந்தவரின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகும். இரண்டையும் அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதாலேயே, பயிற்சி இல்லாத கைகளை எண்ணி எனக்குக் கவலை அதிகம்.

இனிச் சித்தி சொன்னது. அது சரியானதே. இந்த உதவியாளர் தொழில் தனிப் படிப்பாக உருவானது அமெரிக்காவில். அங்கே முதலாவது அணியினர் 1969 இல் படித்து வெளியேறினர். இன்று அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படித்து, தேசியப் பரீட்சையில் 200 முதல் 800 வரையான அளவுகோலில் 600 புள்ளி எடுத்து, மாநில அனுமதி பெற்ற பின்னரே வேலை செய்யலாம். அப்போதும் நோயாளியின் முதற் பரிசோதனையைச் செய்யவோ சிகிச்சைத் திட்டத்தை வகுக்கவோ அவருக்கு உரிமையில்லை. கனடாவில் உதவியாளருக்கு அரச அனுமதிப்பத்திரம் தேவையில்லை; பதிவுபெற்ற இயன் மருத்துவரின் பொறுப்பில் வேலை செய்வார். ஆனால் அங்கே வேலை கொடுப்போர் வழமையாக எதிர்பார்ப்பது இரண்டு ஆண்டுக் கல்லூரி டிப்ளோமாவை. ஆறு மாதச் சான்றிதழ் ஒன்று அதற்கு ஈடாகும் என்று சொல்வோரிடம், எந்தக் கல்லூரி, எந்த மருத்துவ நிலையம் அதை ஏற்றது என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். தராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

நம் நாட்டிலோ இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இயன் மருத்துவருக்கு இடமுண்டு. உதவியாளர் என்று ஒரு தனிப் பிரிவு இல்லை. எனவே, மூன்று பாடச் சித்தி கையில் இருக்கும் உங்களிடம், உதவியாளர் நிலையோடு நிற்காமல் இயன் மருத்துவராகவே வர முயலுங்கள் என்பேன். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டு இயன் மருத்துவப் பட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் மூன்று தடவை தோற்றலாம். நீங்கள் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறீர்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருப்பதால், கொழும்பு மாவட்ட மாணவிக்குப் போதாத புள்ளி சில வேளைகளில் இங்கே போதுமாகும். கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை மாவட்டவாரியாகப் பார்த்து, எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்ட பின்னரே கைவிடுவதா இல்லையா என்று தீர்மானியுங்கள். விண்ணப்பத்தில் இந்தப் பட்டத்தை விருப்ப வரிசையில் மேலே எழுதவும் மறக்க வேண்டாம். துணை மருத்துவப் பயிற்சிகளுக்குச் சுகாதார அமைச்சு ஆட்சேர்ப்புச் செய்யும்போது வெளிவரும் வர்த்தமானி அறிவித்தல்களையும் கவனித்து வாருங்கள்.

குடும்பச் சூழலால் உடனே உழைக்க வேண்டியிருந்தால், தேசிய தொழிற் தகைமை கிடைக்கும் பராமரிப்பாளர் பயிற்சியைப் பெறலாம். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு: மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவு பெற்றிருப்பது வேறு, அது நடத்தும் குறித்த பயிற்சி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. முதலாவதை மட்டும் சட்டமிட்டு மாட்டி வைத்து இரண்டாவதும் இருப்பது போலக் காட்டுவார்கள். ஆகவே பயிற்சியின் பெயரைச் சொல்லி ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அந்த நிலையத்தினரிடம் மேலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் எத்தனை மணித்தியாலம், எந்த வைத்தியசாலையில், மருத்துவ சபையில் பதிவுபெற்ற எந்த இயன் மருத்துவரின் கண்காணிப்பில் நோயாளிகளோடு பழகுவார்கள்? நோயாளியைத் தொடாமல், வகுப்பறையில் ஒருவரையொருவர் தூக்கிப் பழகி முடிக்கும் பயிற்சி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோரின் உயிரிழை அமைப்பும் மாங்குளத்திலேயே இயங்குகிறது. மாமாவின் தலையிடியை வைத்தியரிடம் காட்டப் போகும் அதே நாளில், அந்த வைத்தியசாலையின் இயன் மருத்துவரைச் சந்தித்து, மாமாவைத் தூக்கி மாற்றும் உங்கள் முறையைச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலை ஆண்டுக்கணக்கில் செய்ய உங்கள் முதுகும் மனமும் இடம் தருமா என்பதையும், சில நாட்கள் அவருடைய வேலையைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.