பட்டிக்குள் ஆட்டைக் கடிக்கும் இளம் நாய்

கேள்வி: மன்னார்குடி பக்கம் 40 ஆடு வைத்திருக்கிறேன். என் நாட்டு நாய்க்குப் பத்து மாதம். அறுத்த வயலில் ஆடுகளை நன்றாக வளைத்துக் கொண்டுவருகிறது. குடற்புழு மருந்து ஊற்றப் பட்டியில் அடைத்தால் மட்டும் குரைத்துப் பாய்ந்து பின்னங்காலைக் கவ்வுகிறது. ஆடுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிகின்றன. என்ன செய்வது?

பதில்: நாய் திமிரில் கடிக்கவில்லை, பயத்தில் கடிக்கிறது. வயலில் நாய் நெருங்கினால் ஆடு விலகிவிடும். பட்டியில் விலக இடமில்லாததால் திரும்பி நிற்கும், இல்லையென்றால் நாயின் மேலேயே பாயும். நாயும் மிரண்டு வாயைப் போடும். அந்த நேரத்தில் அடித்தீர்களானால் சட்டென்று கடித்துவிட்டு ஓடிவரப் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆடு இல்லாத இடத்தில் 'நில்', 'வா' இரண்டையும் ஒரு தடவை சொன்னதுமே கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்காத நாயைப் பட்டிக்குள் விடவே வேண்டாம்.

பிறகு 40 அடிச் சதுரத்தில் பட்டி போட்டு, நான்கு மூலைகளிலும் குறுக்கே படல் கட்டி மூலையே இல்லாமல் செய்யுங்கள். நெரிசலில் பாதி அதிலேயே குறையும். மிரளாத, வளர்ந்த ஐந்தாறு ஆடுகள் போதும். சினையாடு, குட்டி ஊட்டும் ஆடு, முட்டும் கிடா வேண்டாம். நாயின் கழுத்தில் 15 அடிக் கயிறு கட்டுங்கள். நுனியில் முடிச்சு இருந்தால் படலில் மாட்டும்.

நாயை நடுவில் அனுப்பாதீர்கள். நீங்களும் அதனுடன் படலை ஒட்டியே மெதுவாக நடந்து, படலோரம் ஒண்டி நிற்கும் ஆடுகளை நடுப்பக்கம் விலக வையுங்கள். இளம் நாய்க்கு இந்த இடுக்கில் நுழைவதுதான் பெரிய பயம்; அது தெளிந்தால் மற்றது எளிது. வால் தாழ்ந்து, வாய் மூடி, நடை நிதானமாக இருந்தால் சரியாகப் போகிறது. வால் தூக்கி, முதுகு மயிர் சிலிர்த்து, ஒரே ஆட்டின் காலை முறைத்தால் அடுத்தது கடிதான். 'நில்' சொல்ல வேண்டியது அப்போது; கவ்விய பிறகு சொல்லிப் பயனில்லை. காலை வெயில் ஏறுமுன் ஐந்து முதல் எட்டு நிமிடம் செய்து, நன்றாகச் செய்யும்போதே நிறுத்திவிடுங்கள். நிதானம் வந்தபின் பட்டியை 20 அடிக்குக் குறைக்கலாம்.

அடுத்தது சந்து, அதாவது ஆடுகள் வரிசையாகப் போகும் குறுகிய வழியில் ஓட்டப் பழக்குவது. இதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடியபின் வற்றும் கிளை வாய்க்கால் போதும். இரு கரையும் வேலிதான். நாய் ஆட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் இருந்தால் ஆடு முன்னே போகும், முன்னால் வந்தால் பின்வாங்கும். ஆகவே பத்தடி பின்தங்கியே வரட்டும். முன்னால் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நாயை நகர்த்துங்கள். அடைத்த வாசலை நோக்கித் தள்ளினால் பழைய கதைதான்.

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனங்கள். நாட்டு நாயிடமும் வெளிநாட்டு மேய்ப்பு நாயின் சுற்றி வளைக்கும் நுணுக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். பின்னால் அமைதியாக நின்று நெருக்கினாலே மருந்து ஊற்றும் வேலை ஓடிவிடும்.

ஏற்கெனவே கடிபட்ட ஆடுகளின் காயத்தை மயிர் விலக்கிப் பார்த்துக் கழுவி மருந்து போடுங்கள். விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடாமல் இருந்தால் பயிற்சிக்கு முன் அதை முடியுங்கள்.